யுகுலேலே ஸ்ட்ரிங் அறுந்தால்: எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது, சுருதி எப்போது நிற்கும்

கேள்வி இதுதான். மதுரை திருநகரில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் யுகுலேலேயில் (கிட்டார் மாதிரி இருக்கும் சின்ன நாலு ஸ்ட்ரிங் கருவி) ஏ ஸ்ட்ரிங் அறுந்துவிட்டது, பத்து நாளில் பள்ளி ஆண்டு விழா. கடையில் விசாரித்தால், "கிட்டாரின் முதல் கம்பியை வாங்கிப் போடுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். போடலாமா? ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, நாலையும் மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே செய்யலாம், அரை மணி நேர வேலை. விழா பக்கத்தில் இருப்பதால் இப்போது அறுந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைக்காரர் சொன்னது பாதி சரி, பாதி ஆபத்து. அதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன், அறுந்த துண்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள்.

யுகுலேலேக்குப் போடும் நைலான் வகை ஸ்ட்ரிங்குகள் வாசிக்க வாசிக்க மந்தமாகும், சுருதி பிசகும். ஆனால் காரணமில்லாமல் அறுவது குறைவு. ஏதோ ஒரு கூர்முனை அறுத்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புது ஸ்ட்ரிங் போட்டால் அதுவும் அதே இடத்தில் போகும்.

தலைப்பக்கம், ஸ்ட்ரிங்கைச் சுற்றுகிற டியூனர் தண்டின் ஓட்டையை ஒட்டி அறுந்திருக்கிறதா? அப்படியானால் ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருக்கலாம். விலை குறைந்த கருவிகளில் இது சகஜம். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஓட்டையின் வாயில் தடவிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டி நின்றால் பிசிறு இருப்பது உறுதி. ஹார்டுவேர் கடையில் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாள் ஒன்று வாங்கி, ஊசி மாதிரி ஒல்லியாகச் சுருட்டி, ஓட்டைக்குள் விட்டு நாலு திருப்பு திருப்பினால் போதும். மறுபடி பஞ்சு வைத்துப் பாருங்கள்.

நட்டில் அறுந்திருந்தால் வேறு கதை. நட் என்பது தலைக்கும் விரல் பலகைக்கும் நடுவில், ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் படிந்து போகிற சின்னப் பட்டை. அந்தப் பள்ளம் ஸ்ட்ரிங்கைவிடக் குறுகலாக இருந்தால் ஸ்ட்ரிங் அதில் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டியூன் பண்ணும்போது சுருதி ஏறாமலே இருந்து, திடீரென்று 'டிக்' என்று தாவும். மகளுக்கு இது முன்பே நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். தாவியிருந்தால் பென்சில் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பென்சில் கரி வழுவழுப்பானது, ஸ்ட்ரிங் சுலபமாக நகரும். நட்டை அரம் வைத்து ராவுகிற வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். பள்ளம் ஒரு மயிரிழை அதிகம் ஆழமானாலும் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளில் முதலாவதில், உரசி இரைய ஆரம்பித்துவிடும்.

நடுவில், ஃப்ரெட்டுகளுக்கு மேல் அறுந்திருந்தால் ஸ்ட்ரிங்குக்கு வயதாகிவிட்டது. அடிப்பக்கத்தை விரல் நகத்தால் வருடினால் ஃப்ரெட் படுகிற இடங்களில் சிறுசிறு வெட்டு தெரியும். பிரிட்ஜில், அதாவது கீழே முடிச்சு போட்டிருக்கும் இடத்தில் அறுந்திருந்தால் முடிச்சு சரியில்லை, இல்லாவிட்டால் பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்குகள் ஏறிப் போகிற சாடில் பட்டையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. சாடிலுக்கும் அதே உப்புத்தாள், இரண்டே இழுப்பு.

இத்தனையும் சொன்னாலும், ஏ ஸ்ட்ரிங் அறுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் கருவியில் இல்லை. ஒரு ஸ்ட்ரிங்கை மீட்டிக்கொண்டு வேறொரு ஸ்ட்ரிங்கின் சாவியை, அதாவது தலையில் இருக்கும் டியூனர் திருகியைத் திருப்புவதுதான். சுருதி காட்டும் போன் செயலியில் முள் அசையவே இல்லையே என்று திருப்பிக்கொண்டே போவார்கள், அங்கே ஏ ஸ்ட்ரிங் ஏறிக்கொண்டே போகும். எந்தச் சாவி எந்த ஸ்ட்ரிங்குக்கு என்று இப்போதே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கருவியை முகம் பார்க்க, தலை மேலாக நிறுத்தினால், இடப்பக்கம் கீழ்ச்சாவி ஜி, மேல்சாவி சி. வலப்பக்கம் மேல்சாவி ஈ, கீழ்ச்சாவி ஏ.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். மதுரையில் டவுன் ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் இசைக்கருவிக் கடைகளில் யுகுலேலே செட் இருக்கிறதா என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கிட்டார் ஸ்ட்ரிங் எப்போதும் இருக்கும், யுகுலேலே ஸ்ட்ரிங் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஆன்லைனில் அக்விலா, டாடாரியோ, மார்ட்டின் எல்லாம் கிடைக்கின்றன. ஒரு செட் சில நூறு ரூபாய். வாங்கும்போது அளவைப் பாருங்கள். நட்டிலிருந்து சாடில் வரை அளந்தால் சோப்ரானோ சுமார் 34 செ.மீ., கன்சர்ட் 38, டெனர் 43 செ.மீ. இருக்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று, சோப்ரானோ கன்சர்ட் இரண்டுக்கும் ஒரே செட் என்று போட்டு விற்பதும் உண்டு. பாரிடோன் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அதன் சுருதியே வேறு. 'லோ ஜி' என்று எழுதிய செட்டும் இப்போது வேண்டாம். அதில் ஜி ஸ்ட்ரிங் ஒரு ஸ்தாயி கீழே நிற்பதற்காகத் தடிமனாகச் செய்தது, வழக்கமான உயரத்துக்கு முறுக்கினால் அறுந்துவிடும்.

அப்புறம் அந்தக் கிட்டார் கம்பி. எஃகுக் கம்பியைப் போட்டதும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். உண்மையில் சோப்ரானோவில் ஒல்லியான முதல் கம்பி ஒன்றை மட்டும் போட்டு ஏ சுருதிக்கு ஏற்றினால் அதன் இழுவை நைலானுக்குப் பக்கத்தில்தான் வரும், உடனே எதுவும் உடையாது. சிக்கல் வேறு இடத்தில். எஃகு, பிளாஸ்டிக் நட்டையும் சாடிலையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பிரிட்ஜ் மரத்தில் முடிச்சு போட முடியாது, போட்டால் மரத்துக்குள் இறங்கும். மூன்று ஸ்ட்ரிங் மெத்தென்று பாட, ஒன்று மட்டும் கணீரென்று தனியாகக் கத்தும். பிள்ளையின் விரல் நுனியும் வலிக்கும். அது நன்றாகத்தானே நிற்கிறது என்று நம்பி நாலுக்கும் கம்பி போட்டால், அதுவும் அக்கூஸ்டிக் கிட்டாரின் தடித்த செட்டை டெனர் அளவுக் கருவியில் போட்டால், அப்போது உண்மையிலேயே பிரிட்ஜ் தூக்கும்.

ஆனால் கிட்டாரில் இரண்டு வகை இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலான் ஸ்ட்ரிங். அதன் முதல் ஸ்ட்ரிங்கை யுகுலேலேயின் ஏ ஸ்ட்ரிங்காகப் போடலாம், தாராளமாக. யுகுலேலேயின் சி, ஈ, ஏ மூன்றுக்கும் இருக்கும் இடைவெளி கிட்டாரின் மூன்றாவது, இரண்டாவது, முதல் ஸ்ட்ரிங்குகளுக்கு இருக்கும் அதே இடைவெளிதான். சுருதி மட்டும் ஐந்து ஃப்ரெட் மேலே. நீளமோ கிட்டாரின் 65 செ.மீ.க்குப் பாதியைச் சற்றே தாண்டும். கணக்குப் போட்டால், கிட்டாரில் 7 கிலோ இழுவையில் நிற்கிற நைலான் ஸ்ட்ரிங் சோப்ரானோ யுகுலேலேயில் ஏ சுருதியில் மூன்றரை கிலோவில் நிற்கும். யுகுலேலே ஸ்ட்ரிங் ஒன்றுக்கு வழக்கமான இழுவையே 3 முதல் 5 கிலோதான். டெனரில் இது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆக, கடைக்காரரிடம் திரும்பப் போய், "முதல் ஸ்ட்ரிங்தான் வேண்டும், ஆனால் நைலானில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஈ அறுந்தால் இரண்டாவது, சி அறுந்தால் மூன்றாவது, ஜி அறுந்தால் மறுபடியும் முதல் ஸ்ட்ரிங். சிலவற்றின் முனையில் சின்ன உருண்டை கோத்திருக்கும், அதை வெட்டிவிடலாம்.

எதுவுமே கிடைக்காவிட்டால் தூண்டில் நரம்பு, தங்கூசி என்கிறோமே, அது. கேலி இல்லை. ஃப்ளோரோகார்பன் யுகுலேலே ஸ்ட்ரிங்கும் தூண்டிலுக்கு விற்கிற ஃப்ளோரோகார்பன் நரம்பும் ஒரே சாதிப் பொருள்தான், அதையே வெட்டிப் போட்டு வாசிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஏ ஸ்ட்ரிங்குக்கு ஃப்ளோரோகார்பன் என்றால் சுமார் 0.5 மி.மீ., சாதாரண நைலான் என்றால் அதைவிடத் தடிமனாக 0.6 முதல் 0.7 மி.மீ. உருளையின் அட்டையில் தடிமன் போட்டிருக்கும். போட்ட பிறகு 12வது ஃப்ரெட்டில் அழுத்திப் பாருங்கள். வெறும் ஸ்ட்ரிங்கின் சுருதி அப்படியே ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். விலகிக் கேட்டால் அந்த நரம்பின் தடிமன் நீளம் முழுக்க ஒரே சீராக இல்லை, வேறு துண்டு வெட்டிப் பாருங்கள்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மதேய்ராத் தீவிலிருந்து போர்ச்சுகீசியத் தொழிலாளர்கள் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் 1879 ஆகஸ்டில் ஹொனலூலு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு போன மஷேத் என்ற சின்ன நாலு நரம்புக் கருவியிலிருந்துதான் ஹவாயில் யுகுலேலே பிறந்தது. அப்போது எல்லாம் குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் வந்தது. நைலான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு சுருதி, பங்குனி வெயிலில் ஒரு சுருதி. ஃப்ளோரோகார்பன் ஈரத்தைக் குடிக்காது, ஒல்லியாக இருந்தாலும் கனம் அதிகம், ஒலி கொஞ்சம் துலக்கமாக இருக்கும். அக்விலாவின் பால்வெள்ளை நிற நைல்கட் குடல் நரம்பின் ஒலியை நினைத்துச் செய்த செயற்கைப் பொருள். உங்கள் மகளின் கருவியில் இருப்பது வெள்ளையா, கறுப்பா, கண்ணாடி மாதிரியா என்று பார்த்து, முடிந்தால் அதே வகை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஒரு ஸ்ட்ரிங் வேறு வகையாக இருப்பதை வாசிக்கிற பிள்ளை கண்டுபிடிக்கும், கேட்கிறவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இப்போது வேலை. மேசையில் ஒரு துண்டை விரித்துக் கருவியை மல்லாத்தி வையுங்கள். ஒரு நகவெட்டியும் டியூனர் செயலி இருக்கிற போனும் போதும். பிரிட்ஜுக்குக் கீழே பலகைமேல் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வைத்துவிடுங்கள். முடிச்சு நழுவினால் ஸ்ட்ரிங்கின் முனை சாட்டை மாதிரி அடித்துப் பாலிஷில் கோடு போடும், அட்டை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். மற்ற மூன்று ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்த வேண்டாம். அவை இழுவையில் இருந்தால்தான் சாடில் பட்டை இடம்மாறாமல் இருக்கும். பழைய துண்டைப் பிரிப்பதற்கு முன், பக்கத்து ஸ்ட்ரிங்கின் முடிச்சை நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதைவிட அந்தப் படம் உங்களுக்கு அதிகம் உதவும்.

பிரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். பிரிட்ஜின் மேல் விளிம்பில் நாலு கீறல் இருந்து, ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரிங் இறங்கி அடியில் முடிச்சோடு நின்றால் வேலை சுலபம். புது ஸ்ட்ரிங்கின் முனையில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட்டு, மிச்ச வாலை 3 மி.மீ. விட்டு வெட்டி, கீறலில் இறக்கி, மேல்நோக்கி இழுத்தால் மாட்டிக்கொள்ளும். ஏ ஸ்ட்ரிங் ஒல்லி என்பதால் சில நேரம் முடிச்சே கீறல் வழியாக நழுவி வரும். அப்போது அதே முடிச்சின் மேல் இன்னொன்று. ஒரு சில கருவிகளில் ஸ்ட்ரிங் பலகையைத் துளைத்து உள்ளே போகும். அதற்கு மேலிருந்து ஓட்டைக்குள் விட்டு, பலகையின் நடுவில் இருக்கும் வட்டத் துளை வழியாக விரலால் முனையை வெளியே எடுத்து, முடிச்சு போட்டு, திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கருவிகளில் இருப்பது மூன்றாவது வகை, கட்டுகிற பிரிட்ஜ். பயப்படுகிற இடமும் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பிரிட்ஜில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். வட்டத் துளைப் பக்கமிருந்து ஸ்ட்ரிங்கை நுழைத்து, கருவியின் அடிப்பக்கமாக ஏழெட்டு செ.மீ. வெளியே இழுங்கள். அந்த வாலை பிரிட்ஜின் மேலாக மடித்து வட்டத் துளைப் பக்கம் கொண்டுவாருங்கள். அங்கே பிரிட்ஜுக்கும் சாடிலுக்கும் நடுவில், துளைக்குள் போகிற அதே ஸ்ட்ரிங்கின் அடியில் வாலை விட்டு எடுத்து மறுபடி மேலே, பின்பக்கம் நோக்கித் திருப்புங்கள். இப்போது பிரிட்ஜின் மேல் ஒரு வளையம் இருக்கும். வாலை அந்த வளையத்துக்கு அடியில் விட்டு, வளையத்தைச் சுற்றி இரண்டு முறை, ஏ ஸ்ட்ரிங்குக்கு மூன்று முறை, பூத்தொடுக்கிற நார் மாதிரி முறுக்குங்கள். சி போலத் தடித்ததுக்கு ஒன்றிரண்டு போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முடிச்சு அவிழ்ந்தால் காரணம் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். கடைசி முறுக்கு பிரிட்ஜின் மேல்தளத்தில் நின்றுவிட்டிருக்கும். அது பின்விளிம்பைத் தாண்டி, பிரிட்ஜின் பின்சுவரில் போய் நசுங்கி நிற்க வேண்டும். அப்போது ஸ்ட்ரிங் இழுக்க இழுக்க வால் தானாகவே சுவரோடு அழுந்தும், நழுவ வழியே இல்லை. வாலை ஒரு கையிலும் நீளப்பக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்து மாறி மாறி இழுத்து முடிச்சை உட்காரவையுங்கள். வாலை இப்போது வெட்ட வேண்டாம்.

தலைப்பக்கம் போவோம். ஸ்ட்ரிங்கைச் சாடில் மேலும் நட்டின் பள்ளத்திலும் படியவிட்டு, டியூனர் தண்டின் ஓட்டையில் நுழைத்து, விறைப்பாக இழுங்கள். பிறகு ஐந்து செ.மீ. அளவுக்குத் தளர்வு திரும்பக் கொடுங்கள். அந்தத் தளர்வுதான் தண்டில் இரண்டு மூன்று சுற்றாக விழும். ஒரே சுற்று என்றால் வழுக்கும், ஏழெட்டுச் சுற்று என்றால் சுருதி நிற்க நாளாகும். சுற்றும் திசைக்கு மற்ற சாவிகளைப் பாருங்கள். ஸ்ட்ரிங் தண்டின் உட்பக்கமாக, அதாவது தலையின் நடுவை நோக்கிய பக்கமாக வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே, தலைப்பலகையை நோக்கி இறங்கட்டும். அப்போதுதான் ஸ்ட்ரிங் நட்டின்மேல் அழுந்தி உட்காரும். சாவியைத் திருப்பும்போது இன்னொரு கையால் ஸ்ட்ரிங்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் சுற்று ஒழுங்காக விழும். பல்சக்கரம் இல்லாத பழைய மாதிரிச் சாவி என்றால் அதன் முனையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஏற்றியது தானாகச் சுழன்று இறங்கினால் அந்த ஸ்க்ரூவைக் கால் திருப்பு இறுக்குங்கள், போதும்.

சுருதி சேர்ப்பது. செயலியில் யுகுலேலே என்று தேர்ந்தெடுத்தால் ஜி, சி, ஈ, ஏ காட்டும். ஏ என்பது 440 ஹெர்ட்ஸ். எழுத்தைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம். செயலி எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் காட்டினால் நாலுக்கும் 4 என்றே இருக்க வேண்டும். வீட்டில் யாராவது பாட்டு கற்றுக்கொண்டு சுருதிப் பெட்டி வைத்திருந்தால் அதுவே போதும். ஒரு கட்டையில் வைத்தால் சி ஸ்ட்ரிங் ஷட்ஜம், ஜி பஞ்சமம், ஈ அந்தர காந்தாரம், ஏ சதுஸ்ருதி தைவதம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் முதல் தடவை மீட்டும்போது ஜி தப்பாக இருக்கிறது என்று நினைப்பார்கள். மேலிருந்து கீழாக ஒலிப்பது ப, ச, க, த. அந்தப் பஞ்சமம் ஷட்ஜத்துக்குக் கீழே இல்லை, மேலேதான். அது அப்படித்தான் இருக்க வேண்டும், யுகுலேலேயின் கலகலப்பே அதில்தான் இருக்கிறது. யாரும் அதை இறக்கி வைத்துவிட வேண்டாம்.

செயலி இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி: ஈ ஸ்ட்ரிங்கை 5வது ஃப்ரெட்டில் அழுத்தினால் வருவதுதான் புது ஏ ஸ்ட்ரிங்கின் சுருதி. ஜி ஸ்ட்ரிங்கின் 2வது ஃப்ரெட்டிலும் அதே ஏ கேட்கும். இரண்டோடும் ஒத்துப்போனால் சரி. கீழேயிருந்து மேலே ஏற்றிக்கொண்டுவந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி, மறுபடி ஏற்றி வாருங்கள்.

அடுத்த சில நாள் பொறுமை வேண்டும். புது ஸ்ட்ரிங் நீண்டுகொண்டே இருக்கும். முதல் நாள் ஒரு பாட்டு முடிவதற்குள் ஏ கீழே இறங்கிவிடும், கருவி கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளை அழவும் கூடும். கெடவில்லை. 12வது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்கை விரலால் பிடித்துப் பலகையிலிருந்து ஒரு செ.மீ. மெதுவாகத் தூக்கி விடுங்கள், சுருதி சேருங்கள், மறுபடி தூக்குங்கள். நாலைந்து தடவை செய்தால் பாதி நீட்டம் அன்றைக்கே முடிந்துவிடும். மிச்சத்துக்கு நைலானும் நைல்கட்டும் மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும், ஃப்ளோரோகார்பன் கொஞ்சம் சீக்கிரம் நிற்கும். ராத்திரி தளர்த்தி வைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க முடிச்சு நகராமல் இருந்தால் அப்புறம் வால்களை வெட்டுங்கள், பிரிட்ஜில் அரை செ.மீ. விட்டு.

நாலையும் இப்போதே மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒன்று இறங்குவதைப் பாட்டுக்குப் பாட்டு பிள்ளையே சரிசெய்துகொள்ளும். நாலும் ஆளுக்கொரு வேகத்தில் இறங்கினால் பயிற்சி செய்கிற நேரமெல்லாம் சாவி திருப்புவதிலேயே போகும். கருவி வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, தினமும் வாசிக்கிறாள் என்றால், விழா முடிந்த பிறகு முழு செட்டாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள், நாலையும் ஒன்றாகக் கழற்றினால் சாடில் விழுந்து எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் போகும். பழையதில் நன்றாக இருக்கும் ஸ்ட்ரிங்குகளைச் சுருட்டிப் பையில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு ஆகும்.

விழா நாளன்று கருவியை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் ஏறுகிற சூடு ஸ்ட்ரிங்கைவிட மோசமாகப் பசையைத்தான் பாதிக்கும், பிரிட்ஜ் பலகையிலிருந்து மெல்லத் தூக்க ஆரம்பிக்கும். பைக்கில் கறுப்பு உறையோடு முதுகில் மாட்டி வந்தாலும், போய் இறங்கிக் கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டுச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். அரங்கம் ஏசி என்றால் உள்ளே போன பிறகு இன்னொரு முறை.

ஸ்ட்ரிங் வந்து சேரும்வரை பயிற்சியை நிறுத்த வேண்டியதும் இல்லை. ஏ இல்லாமலே சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) முழுசாக இருக்கிறது, மிச்ச மூன்றையும் வெறுமனே மீட்டினால் ஜி, சி, ஈ. ஏ மைனரும் எஃப்பும் வழக்கமான விரல் வைப்பிலேயே மூன்று ஸ்ட்ரிங்கில் நிறைவாக வரும். ஜி, ஜி7 இரண்டில் மட்டும் பி ஸ்வரம் விடுபட்டுக் கொஞ்சம் வெறுமையாகக் கேட்கும். மேடையிலேயே மறுபடி அறுந்தாலும் இதுதான் வழி, நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். கூடப் பாடுகிற பிள்ளைகளின் சத்தத்தில் அந்த பி இல்லாதது யாருக்கும் தெரியப்போவதில்லை.